இன்டர்ஸ்டெல்லார்: மனித இனம் தப்பிப் பிழைக்கும் கணக்கு எங்கே நிற்கிறது, எங்கே ஓட்டை? (கதை முழுக்க வெளிப்படும், பார்க்காதவர்கள் விலகவும்)

#1 வடதுருவம்

2025 பிப்ரவரியில் இந்தியாவில் ஐமேக்ஸ் மறுவெளியீடு வந்ததிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி இரண்டே வகைப் பேச்சுதான் காதில் விழுகிறது. 'நோலன் எடுத்தா கேள்வி கேட்கக் கூடாது' என்பது ஒன்று. 'கடைசியில அன்புதான் எல்லாமாம், போங்கய்யா' என்பது இன்னொன்று. இந்த இழையில் இரண்டும் வேண்டாம். படம் போடும் பிழைப்புத் திட்டத்தை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

படத்தின் வாதம் இது: பயிர்நோய் கோதுமையை முடித்துவிட்டது, வெண்டை கடைசி அறுவடை, மிச்சம் மக்காச்சோளம். நோய்க்கிருமி காற்றிலுள்ள நைட்ரஜனைச் சுவாசித்துப் பெருகுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, அடுத்த தலைமுறை மூச்சுத்திணறிச் சாகும். அதனால் திட்டம் ஏ: ஈர்ப்பின் சமன்பாட்டைத் தீர்த்து மக்களைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. திட்டம் பி: உறைந்த கருக்களோடு புதுக் கிரகத்தில் முதலிலிருந்து தொடங்குவது.

என் நிலை: கருந்துளைப் பக்கம் கணக்கு கெட்டி. சோளக்காட்டுப் பக்கம்தான் ஆட்டம். எண்ணோடு பேசுபவர்கள் வரவும்.

#2 கோணமானி

கருந்துளையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'படத்தின் நாயகன் கூப்பர் உள்ளே விழுந்தா நூல் நூலாப் பிய்ஞ்சு போயிருக்கணுமே' என்று பலரும் கேட்கிறார்கள். கருந்துளை எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்தது அது.

படத்தின் கருந்துளையான கார்கான்டுவாவின் நிறை 10 கோடி சூரியன்கள். அது சுழலும் வேகத்தில் விளிம்பின் (உள்ளே போனால் ஒளிகூடத் திரும்பாத எல்லை) ஆரம் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் விளிம்பு பூமியின் சுற்றுப்பாதையைத் தொடும். அந்த விளிம்பில், 2 மீட்டர் உயர மனிதரின் தலைக்கும் காலுக்கும் இடையிலான ஈர்ப்பு வித்தியாசத்தை நியூட்டன் சூத்திரத்தில் (2GMh/r³) போட்டால் 0.000016 மீ/வி² வருகிறது. பூமியின் ஈர்ப்பில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. உடம்புக்கே தெரியாது.

இதே கணக்கை 10 சூரிய நிறையுள்ள, விளிம்பு 30 கி.மீ. ஆரமே உள்ள கருந்துளைக்குப் போடுங்கள். பூமி ஈர்ப்பைப் போல 2 கோடி மடங்கு வரும். பியும் கதையெல்லாம் அங்கேதான்.

இன்னொன்றையும் கவனிக்கணும். 10 கோடி என்ற எண் சும்மா வாயில் வந்ததல்ல. அதற்குக் குறைந்தால் அலைக் கிரகமான மில்லர் கிரகமே கிழிந்துவிடும். மனிதருக்கு ஒன்றுமில்லாத அந்த வித்தியாசம், 12,000 கி.மீ. அகலமுள்ள கிரகத்துக்கு மிகப் பெரிது. படத்தின் அறிவியல் ஆலோசகரான இயற்பியலாளர் கிப் தோர்ன் கிரகம் கிழியாத அளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் நிறையைத் தேர்ந்தார்.

#3 அரைவேக்காடு

அதெல்லாம் சரி சார், மில்லர் கிரகத்துல ஒரு மணி நேரம் = பூமியில 7 வருசம்? அது ஓவர் இல்லையா? அப்புறம் அந்தக் கிரகத்துல இசையில வர்ற 'டிக் டிக்' ஒவ்வொண்ணும் பூமியில ஒரு நாள்னு ஊரெல்லாம் பரவுதே, உண்மையா?

#4 கோணமானி

7 வருசம் என்பது 61,000 மடங்குக்குச் சற்று மேல். இது வேண்டும் என்று நோலன் பிடிவாதமாகக் கேட்டார், தோர்ன் முதலில் முடியாது என்று நினைத்து, பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு வழி கண்டுபிடித்தார். கருந்துளை அதன் உச்சச் சுழற்சியைவிட நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே குறைவாகச் சுழன்றால், விளிம்பை ஒட்டியே நிலையான சுற்றுப்பாதை கிடைக்கும். இயற்கையில் அவ்வளவு வேகம் எட்டுவது கடினம், ஆனால் விதி தடுக்கவில்லை.

திரையில் பார்க்கும் கார்கான்டுவா அந்தச் சுழற்சியில் வரைந்தது இல்லை என்பதுதான் வேடிக்கை. படத்துக்கு உச்சத்தில் 0.6 பங்குதான் எடுத்தார்கள். உச்சத்தில் வரைந்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், பார்ப்பவருக்குக் குழப்பம். டாப்ளர் விளைவையும் விட்டுவிட்டார்கள். போட்டிருந்தால் கருந்துளையைச் சுற்றும் ஒளி வட்டின் நம்மை நோக்கி வரும் பக்கம் கண் கூசும், மறுபக்கம் இருண்டுபோகும். இதையெல்லாம் காட்சி விளைவுகளைச் செய்த டபுள் நெகட்டிவ் குழுவும் தோர்னும் சேர்ந்து 2015-இல் ஆய்விதழில் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஒளித்துக்கொண்டு செய்ததல்ல.

டிக் விஷயம்: பரவும் கணக்குப்படி 1.25 நொடிக்கு ஒரு டிக். ஒரு மணிக்கு 2,880 டிக். 7 வருசத்துக்கு நாட்கள் 2,557. சரியாக ஒரு நாள் வேண்டுமென்றால் 1.4 நொடிக்கு ஒன்று அடிக்கணும். 1.25-இல் அடித்தால் ஒரு மணிக்கு 7.9 வருசம் ஆகும். கிட்டத்தட்ட உண்மை, அவ்வளவுதான்.

#5 சிறுகோள்

கெட்டி கெட்டி என்கிறீர்களே, பயணப் பக்கத்தைத் தொடவே இல்லை. பூமியிலிருந்து கிளம்ப அடுக்கு ராக்கெட் வேண்டியிருக்கிறது. 1.3 மடங்கு ஈர்ப்பு உள்ள மில்லர் கிரகத்திலிருந்து ரேஞ்சர் ஊர்தி தனியாக எழும்பிவிடுகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் பூமியில் ராக்கெட் என்று சமாதானம் சொல்லலாம், அரை மனதோடு.

அதைவிடப் பெரிய ஓட்டை: தாய்க்கப்பல் நிற்கும் தூரத்திலிருந்து மில்லர் கிரகத்துக்கு இறங்கவும் ஏறவும் வேகத்தை ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 1,00,000 கி.மீ., மாற்றணும். நம் வேதி எரிபொருள் ராக்கெட்டின் புகை வேகம் நொடிக்கு 4.5 கி.மீ. எந்த டாங்கியும் போதாது. தோர்ன் இதற்கு வைத்த வழி, நடுத்தர நிறையுள்ள இன்னொரு கருந்துளையைச் சுற்றி வீசப்படுவது. படத்தில் ஒரே கருந்துளைதான் இருக்கணும் என்று நோலன் அதை நியூட்ரான் நட்சத்திரமாக மாற்றிவிட்டார். அவ்வளவு வேகத்தைத் திருப்ப நியூட்ரான் நட்சத்திரத்தால் ஆகாது. ஒரே வசனத்தில் கடந்துபோவதால் யாரும் கவனிப்பதில்லை.

கூடவே, 2017-இல் வந்த ஓர் இயற்பியல் கட்டுரை: 61,000 மடங்கு காலம் மெதுவானால், பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சும் அதே கையோடு வீரியம் ஏறித்தான் அந்தக் கிரகத்தில் விழும். கிரகத்தின் வெப்பம் ஏறத்தாழ 900 டிகிரி. 1.2 கி.மீ. அலை எழும்பத் தண்ணீரே மிஞ்சாது.

#6 வயல்வெளி

வானத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சோளக்காட்டுக்கு வருகிறேன், இங்கேதான் படம் வீட்டுப்பாடம் செய்யவில்லை.

ஒன்று. ஒரே நோய் கோதுமை, வெண்டை, மக்காச்சோளம் மூன்றையும் வரிசையாக முடிப்பது. பயிர்நோய்கள் பெரும்பாலும் வீடு பார்த்து வரும். கோதுமைத் துரு வெண்டையைச் சீண்டாது. பல வீடு ஏறும் பூஞ்சையும் உண்டு. நிலக்கடலையில் தண்டழுகல் உண்டாக்கும் ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி 500-க்கும் மேற்பட்ட செடி இனங்களில் வரும். ஆனால் அது மண்ணோடு கிடப்பது, காற்றில் கண்டம் தாண்டுவதில்லை. படத்துக் கிருமிக்கு இரண்டு குணமும் சேர்ந்து வேண்டும்.

இரண்டு. கடைசியில் மிஞ்சுவது மக்காச்சோளமாம். 1970-இல் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பாருங்கள். கலப்பின விதை உற்பத்தியில் ஆண் பூங்கொத்தைக் கையால் பிடுங்கும் கூலியை மிச்சப்படுத்த, 'டெக்சாஸ்' ஆண்மலட்டு சைட்டோபிளாசம் (மகரந்தமே உண்டாகாமல் செய்யும் செல் பகுதி) கொண்ட ரகங்களுக்கு மாறினார்கள். நாட்டின் சோளத்தில் 85 சதவீதத்தில் அது ஏறிவிட்டது. அந்த சைட்டோபிளாசத்தையே குறிவைத்து இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு புது இனம் வந்தது. ஒரே பருவத்தில் தேசிய விளைச்சலில் 15 சதவீதம் போச்சு. மறு வருடம் பழைய விதைக்குத் திரும்பித் தப்பித்தார்கள். அடிவானம் வரை ஒரே ரகம் நிற்கும் காடுதான் முதலில் விழும். நோலன் கனடாவின் கால்கரி பக்கம் 500 ஏக்கரில் நிஜமாகவே பயிரிட்டு எடுத்த காடும் அப்படிப்பட்டதே. படப்பிடிப்பு முடிந்து மிச்சத்தை விற்று லாபமும் பார்த்தார்கள், அது வேறு கதை.

மூன்று, நைட்ரஜன் சுவாசம். நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை உடைப்பது சாமானியமில்லை. பயறு வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் ஒரு மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவழிக்கிறது. அதாவது நைட்ரஜன் பிடிக்கும் உயிருக்கு அது செலவு. அதை வருமானமாக்கிப் பெருகும் கிருமி என்பது கதைக்காக மட்டுமே.

#7 பாமரன்

வயல்வெளி அய்யா, கிருமிக்குப் பெயரே வைக்காத படம் அது. 'பூமி நம்மைப் போகச் சொல்லுது' என்ற உணர்ச்சி பார்ப்பவருக்கு வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் புழுதியைப் பற்றிப் பேசும் கிழவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் இல்லை. 1930-களின் அமெரிக்கப் புழுதிப் புயலை நேரில் பார்த்தவர்கள், கென் பர்ன்ஸின் ஆவணப்படத்திலிருந்து எடுத்தது. தட்டைக் கவிழ்த்து வைத்துச் சாப்பாட்டு மேசை போடுவதெல்லாம் நடந்த விஷயம். அந்தப் பகுதி எந்த அறிவியல் விளக்கத்தையும்விட என்னை நம்ப வைக்கிறது.

#8 இருபத்தொன்று

நம்ப வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'மூச்சுத்திணறிச் சாவோம்' என்பதுதான் கதையின் ஆணிவேர். பஞ்சம் மட்டும் என்றால் பூமியிலேயே போராடலாம், காற்றே போய்விடும் என்பதால்தான் கிளம்பணும். அதனால் இதைச் சரிபார்த்தே ஆகணும்.

காற்றுமண்டலத்தின் ஆக்சிஜன் ஏறத்தாழ 1,200 லட்சம் கோடி டன். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ போதும். இன்று பூமியில் ஒரு செடிகூட இல்லாமல் போய், 800 கோடிப் பேரும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் அது தீர ஏறத்தாழ 5 லட்சம் வருடம்.

செத்த செடியெல்லாம் அழுகி ஆக்சிஜனைத் தின்னுமே என்பீர்கள். தாவரங்களில் இருக்கும் கார்பன் சுமார் 45,000 கோடி டன். அத்தனையும் கார்பன் டை ஆக்சைடாக மாற 1,20,000 கோடி டன் ஆக்சிஜன் போகும். கையிருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20.9 என்பது 20.88 ஆகும். மலையேறினால் இதைவிட அதிகம் குறையும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கார்பன் டை ஆக்சைடு பக்கம். அதே 45,000 கோடி டன் கார்பன் காற்றில் 210 பிபிஎம் (பத்து லட்சத்தில் 210 பங்கு) ஏற்றும், இப்போதைய 420-க்கு மேல். மண்ணிலுள்ள கார்பனும் சேர்ந்து அழுகினால் இன்னொரு 700 முதல் 1,100. சன்னல் அடைத்த வகுப்பறைபோல மந்தமாக இருக்கும், பருவநிலை தாறுமாறாகும். சாவு வராது. தொழிற்கூடங்களில் 8 மணி நேரத்துக்கு அமெரிக்கா அனுமதிக்கும் வரம்பே 5,000. தோர்னும் தன் விளக்க நூலுக்காக உயிரியலாளர்களை உட்காரவைத்து இதைப் பேசியிருக்கிறார். இப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அங்கும் முடிவு.

#9 அரைவேக்காடு

அப்போ கிளம்பவே வேண்டாமா!

#10 அடைகாப்பான்

கிளம்பினால்தான் மூச்சுத்திணறல். இருபத்தொன்று சொன்னதை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

பூமியில் ஆக்சிஜன் கையிருப்பு மலை மாதிரி இருப்பதால் எந்தத் தவறும் உடனே தெரியாது. படத்தின் முடிவில் மனிதர்கள் குடியேறும், சனி கிரகத்தருகே சுற்றும் கூப்பர் நிலையத்தில் கையிருப்பே கிடையாது. அரிசோனாவின் பயோஸ்பியர் 2 இதற்கு நிஜச் சாட்சி. 1.27 ஹெக்டேர் கண்ணாடிக் கூடாரம், 8 பேர், 1991 செப்டம்பரில் அடைத்தார்கள். 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9-இலிருந்து 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 4,000 மீட்டர் உயர மலைமேல் வாழும் நிலை. தூக்கமின்மை, களைப்பு. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றித்தான் தொடர முடிந்தது.

காரணம் கண்டுபிடிக்கவே நாளானது. பயிர் செழிக்கட்டும் என்று மண்ணில் மக்கு உரத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். மண் நுண்ணுயிர் அதைத் தின்று ஆக்சிஜனைக் குடித்தது. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு அதே அளவு ஏறியிருக்க வேண்டுமே, ஏறவில்லை. உள்ளே இருந்த கான்கிரீட் சுவர் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சுவருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

படத்தின் கடைசியில் கூப்பர் நிலையத்துக்குள் சோளக்காடு, மர வீடு, பேஸ்பால் மைதானம். அதாவது மண், உரம், கட்டடம் எல்லாம் இருக்கிறது. யாராவது சுவர்களுக்கு ஆரம்பத்திலேயே பூச்சு அடித்தார்களா, மண்ணில் மக்கு அளவைக் கட்டுப்படுத்தினார்களா என்பதில்தான் அங்கே மனித இனம் நிற்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் கசப்பு. நோய்க்கிருமி விதையிலும் மண்ணிலும் ஒட்டி வரும். நிலையத்துக்குள் நோயில்லாமல் சோளம் விளைகிறது என்றால், மண்ணைச் சுத்தம் செய்யவும் விதையை வடிகட்டவும் அடைத்த இடத்தில் வளர்க்கவும் தெரிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூடாரத்தைப் பூமியிலேயே போட்டிருக்கலாம். ஈர்ப்பும் கதிர்வீச்சுக் கவசமும் இலவசம். சுற்றிலும் 21 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று, வடிகட்டி உள்ளே எடுத்தால் போதும். நோலன் இதற்குப் பதில் வைக்கவில்லை.

#11 சிறுகோள்

செம. இந்த இழையிலேயே பலமான அடி இதுதான்.

#12 தொட்டில்

திட்டம் பி-யைப் பற்றியும் யாராவது பேசணும். 5,000-க்கும் மேற்பட்ட கருக்கள், 900 கிலோவுக்குள். முதல் பத்தைக் கருவியில் வளர்ப்பது, பிறகு வாடகைத்தாய் முறையில் பெருக்குவது, 30 வருடத்தில் சில நூறு பேர். இதுதான் படம் சொல்வது.

மரபு வகையில் பிரச்சினை இல்லை. நெடுங்காலம் தாக்குப்பிடிக்க 500 பேர் அளவு இனப்பெருக்கத் தொகை வேண்டும் என்பது பாதுகாப்பு உயிரியலில் பழைய விதி. 5,000 தாராளம். உறைநிலையும் பிரச்சினை இல்லை. திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரியில், 1992-இல் உறையவைத்த கருக்கள் 2022-இல் இரட்டையராகப் பிறந்திருக்கின்றன. 30 வருடம் தாங்குகிறது. ஆனால் மில்லர் கிரகத்தில் இறங்கியதால் கருக்களுக்கு 23 வருடம் கூடுதலாகப் போனதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மேலே கப்பலில் காத்திருந்த ரோமிலி நரைத்துப்போனது மட்டும் தெரிகிறது, கருப்பெட்டியும் அவரோடு அங்கேதான் இருந்தது.

கோளாறு மூன்று இடத்தில்.

செயற்கைக் கருப்பை. 2017-இல் பிலடெல்பியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளைப் பைக்குள் 4 வாரம் வரை வைத்தார்கள். அது பாதி வழியில் ஏறிக்கொண்டது. முதல் நாளிலிருந்து பத்து மாதம் கருவியிலேயே என்பது வேறு மலை. சரி, எதிர்காலம் என்று விட்டுவிடலாம்.

தாய்ப்பால். முதல் பத்துக் குழந்தைக்கு ஆறு மாதம் என்ன கொடுப்பது? பால்பொடி என்றால், ஒரு குழந்தைக்கு மாதம் 3 முதல் 4 கிலோ. பத்துக் குழந்தைக்கு ஒரு வருடத்துக்கு 400 கிலோவுக்குக் கிட்ட. கருப்பெட்டியின் எடையில் பாதி. இது எந்தச் சரக்குப் பட்டியலிலும் தெரியவில்லை.

கை. படத்தின் முடிவில் குடியேற ஏற்றதாகக் கிடைத்த எட்மண்ட்ஸ் கிரகத்தில் நிற்பது குழுவின் விஞ்ஞானி அமீலியா பிராண்ட் ஒருத்தர். பத்துப் பச்சைக்குழந்தை, ஒரே ஆள். நான்கு பேர் குழுவில் பெண் ஒருத்தர்தான் என்பதே திட்டம் போட்டவர்களின் லட்சணத்தைக் காட்டுகிறது. வாடகைத்தாய் முறை தொடங்க முதல் பெண் குழந்தைகள் வளர்ந்து வர 18, 20 வருடம். '30 வருடத்தில் நூற்றுக்கணக்கில்' வராது. விரலில் எண்ணலாம்.

#13 பாமரன்

அதனால்தானே திட்டத்தின் தலைவரும் அமீலியாவின் அப்பாவுமான பேராசிரியர் பிராண்டின் பொய் எனக்குப் படத்தின் உச்சமாகத் தெரிகிறது. திட்டம் ஏ நடக்காது என்று தெரிந்தே எல்லோரையும் வேலை வாங்கினார். இனம் பிழைக்கட்டும் என்று யாரும் பாடுபட மாட்டார்கள், தன் பிள்ளைக்காக என்றால் பாடுபடுவார்கள் என்பது அவர் கணக்கு. முன்பே ஒரு கிரகத்துக்கு ஆராயப் போன டாக்டர் மான் அதே கணக்கின் அடுத்த படி: தன் உயிருக்காகப் போலித் தகவல் அனுப்பினார். மானை வில்லன் என்கிறோம், பேராசிரியரை மேதை என்கிறோம். இரண்டு பேரும் செய்தது ஒன்றே.

#14 கோணமானி

ஒன்று இல்லை நண்பரே. மான் பொய்யால் கப்பல் சிதைந்தது, உயிர்களும் போயின. பேராசிரியர் பொய்யால்தான் அந்தக் கப்பலே கட்டப்பட்டது. நியாயம் தனி, விளைவு தனி.

மான் தாய்க்கப்பலின் ஒரு பகுதியை வெடிக்கவைத்த பிறகு, சுழலும் கப்பலோடு கூப்பர் ஊர்தியை இணைக்கும் காட்சிக்கும் ஒரு கணக்கு. கப்பல் வளையத்தின் குறுக்களவு 64 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 5-க்குச் சற்று மேல் சுற்றினால் விளிம்பில் பூமியளவு ஈர்ப்பு. அது சரியாகவே இருக்கிறது. வெடித்த பின் 68 சுற்று என்கிறார்கள். அப்போது விளிம்பில் 165 மடங்கு ஈர்ப்பு. மீதமிருக்கும் அறைகள் கழன்று பறந்திருக்கணும். கூப்பர் ஊர்தியை அச்சின் நடுவில் இணைப்பதால் தப்புகிறார். அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால்கூட 10 மடங்கு. பிராண்ட் மயங்குவது நியாயமே.

#15 ஒலிக்கட்டை

கணக்கர்களுக்கு நடுவில் ஒரு நடைமுறைத் தகவல். 'வசனமே கேட்கலை' என்ற புகார் 2014-இலிருந்து இருக்கிறது. நோலன் வேண்டுமென்றே செய்த கலவை அது, தியேட்டர்காரர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு: 4கே வட்டில் ஒலி 5.1 தான், மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் கிடையாது. ரிசீவரில் நடு ஸ்பீக்கரை 2 முதல் 3 டெசிபல் ஏற்றுங்கள், சப்வூஃபரை அதே அளவு இறக்குங்கள். லண்டன் டெம்பிள் தேவாலயத்து ஆர்கன் வரும் இடங்களில் வசனத்தை மூழ்கடிப்பது பெரும்பாலும் கீழ்ச்சுருதிதான். டிவி ஸ்பீக்கரே கதி என்றால் வசன வரியைப் போட்டுவிடுங்கள்.

அரங்கில்: இந்தியாவில் இப்போது 70 மி.மீ. ஐமேக்ஸ் ஃபிலிம் ஓட்டும் இடம் இல்லை. டிஜிட்டலில் 1.90 விகிதம். மூலம் 1.43. அதாவது ஐமேக்ஸ் காட்சிகளில் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். இருந்தாலும் சாதா திரையின் 2.39-ஐவிட மேல்.

#16 வயல்வெளி

அடைகாப்பான் கேள்விக்கே திரும்புகிறேன். கூப்பர் நிலையம் சனியருகே என்கிறீர்கள். அங்கே வெயில்?

#17 அடைகாப்பான்

பூமியின் காற்றுமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட். சனி 9.5 மடங்கு தூரம், ஆக 90-இல் ஒரு பங்கு: 15 வாட். சோளத்துக்கு அது இருட்டு. ஒரு சதுர மீட்டர் வயலுக்கு 90 சதுர மீட்டர் கண்ணாடி வைத்துக் குவிக்கலாம், அல்லது அணுமின் விளக்கு. ஒரு ஏக்கர் சோளம் என்றால் கண்ணாடி 90 ஏக்கர். படத்தில் உருளை வடிவ நிலையத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பகல் வெளிச்சம் வருகிறது, வெளியே கண்ணாடி எதுவும் காட்டவில்லை. அதனால் விளக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த விளக்குக்கும் சோளம் சரியான பயிர் இல்லை. உயரம் அதிகம், தின்னும் பாகம் குறைவு. உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் என்றால் அறுவடைக் கழிவு குறைவு, கழிவு குறைந்தால் மண் குடிக்கும் ஆக்சிஜனும் குறைவு.

#18 அரைவேக்காடு

சர்க்கரைவள்ளிக் காட்டுக்குள்ள டிரோனைத் துரத்தி லாரி ஓட்டினா படம் ஓடுமா சார்?